எங்கே இருப்பாள்

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்பானிஷ் கவிதையை ஆங்கிலம் வழியாகத் தமிழில் கொண்டுவந்தேன். பிரிந்துபோன ஒருத்தி இப்போது எங்கே என்று கேட்கும் கவிதை. அதன் முக்கியமான வரியை 'வியக்கிறேன்' என்று முடித்திருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த 'வியக்கிறேன்' யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

சென்ற மாதம் ஒண்டிக்கடையில் சேலம் பஸ்ஸுக்காக ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். எதிரே ஆள் தெரியாத பனி. கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. 'மணி என்னங்க இருக்கும்?' என்று கேட்டேன். 'அஞ்சு இருக்குங்க' என்றார் கடைக்காரர். 'பஸ்?' 'வரும்.'

கேட்டது அந்த நிமிஷத்து மணி. கேள்வியோ எதிர்காலத்தில். பதிலும் அப்படியே. அப்போது நான் தாமதமாக ஸ்பானிஷ் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் இதே விஷயம்தான். 'கே ஓரா ஸெரா' என்றால் மணி என்ன இருக்கும். 'ஸெரான் லாஸ் த்ரெஸ்', மூன்று இருக்கும். உருவம் எதிர்காலம், பொருள் நிகழ்காலத்தைப் பற்றிய ஊகம். நாளைய காரியத்துக்குப் பேச்சில் அவர்களும் நம்மைப்போல 'செய்யப் போகிறேன்' என்ற அமைப்பையே அதிகம் நாடுகிறார்கள்.

என் கவிதையின் மூலத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'தோந்தே எஸ்தரா.' எங்கே இருப்பாள். இரண்டே சொற்கள். அதில் 'நான்' இல்லை, வியப்பும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் தம் பாஷையின் வழக்கப்படி 'ஐ வொண்டர்' என்று போட்டிருக்கிறார். அது அவர் குற்றமல்ல. அகராதியைப் பார்த்து அதை வியப்பாக்கியது என் குற்றம். அவளைத் தேடும் வரி, தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒரு 'நா'னின் வரியாகிவிட்டது.

இரண்டு பாஷைகளும் ஒன்றென்று சொல்லவரவில்லை. 'அப்போதெல்லாம் ஜூலையில் விடாமல் மழை பெய்யும்' என்று நாம் கடந்தகாலப் பழக்கத்துக்கும் இதே உருவத்தை வைக்கிறோம். ஸ்பானிஷில் அது முடியாது. அதற்கு வேறொரு இறந்தகால உருவம் தனியே உண்டு. ஆகவே இலக்கணத்துக்கு இலக்கணம் ஈடுவைத்தால் வேறொரு பிழையில் போய் விழுவோம்.

எனக்குப் பயம் வேறு. மொழிபெயர்ப்பில் புகுந்த இந்தத் தமிழ் நம் சொந்தக் கவிதைகளிலும் நடமாடுகிறது. 'ஒருவேளை', 'அநேகமாக', 'வந்துகொண்டிருக்கக்கூடும்' என்று சந்தேகத்தைத் தனித்தனிச் சொற்களில் சுமக்கிறோம். டீக்கடைக்காரர் அதை ஒரு 'உம்'மில் சொல்லிவிட்டார். அதில் நிச்சயமும் இருந்தது, நிச்சயமின்மையும் இருந்தது. வழக்கம் அது என்ற ஆறுதலும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அந்த 'வரும்' போல ஒரு வரி எழுதியிருக்கிறோம்?

மொழிபெயர்ப்பைத் திருத்தி வைத்திருக்கிறேன். வரி பாதியாகக் குறைந்துவிட்டது. பாராட்டிய நண்பர்களிடம் இன்னும் காட்டவில்லை.