லினோ, சர்க்கரை, நூல்: ஆஸ்திரேலியப் பூர்வகுடி அச்சோவியங்களைப் பார்ப்பது எப்படி

1960களின் நடுவில் சிட்னியின் லாங் பே சிறையில் ஒரு கைதி, தரைக்குப் போட்டிருந்த பழைய லினோலியத் துண்டுகளில் படம் செதுக்கத் தொடங்கினார். கருவி என்று கையில் இருந்தவை ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி, சில ஆணிகள். அவர் கெவின் கில்பர்ட், விராஜுரி இனத்தவர். பிற்பாடு கவிஞராகவும் நாடகாசிரியராகவும் உரிமைப் போராளியாகவும் பெயர் பெற்றார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் முதல் அச்சோவியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். காய்ந்து போன லினோ நினைத்த பக்கம் வளையாது. கத்தி வழுக்கும், ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். கில்பர்ட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்தப் போராட்டம் முழுக்கத் தெரிகிறது. கோடு எங்கே நடுங்கியது, எங்கே ஆத்திரத்தோடு இழுபட்டது என்று விரலால் தொடர்ந்து போகலாம்.

இந்தக் கலையைப் பார்க்கப் பழக, இங்கே தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியக் கலைக்கூடங்களில் பூர்வகுடிப் பகுதிக்குள் நுழைபவர்கள் பெரிய புள்ளி ஓவியங்களுக்கு முன்னும் மரப்பட்டை ஓவியங்களுக்கு முன்னும் நிற்பார்கள். சட்டம் போட்ட சிறிய காகிதப் படங்களைப் பார்த்தால் ‘இது பிரிண்ட்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூல ஓவியம் வேறெங்கோ இருக்கிறது, இது அதன் மலிவுப் பிரதி என்ற எண்ணம். ஆனால் லினோ வெட்டுக்கோ, உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்துச் செய்யும் எட்சிங்குக்கோ அப்படி ஒரு மூல ஓவியம் கிடையாது. கலைஞர் தகட்டில் வேலை செய்கிறார். காகிதத்தில் பதிவதுதான் படம். அறுபது தாள் அச்சிட்டால் அறுபதும் மூலம்தான்.

அந்தத் தகடு எப்படி ஊருக்குள் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பார்வை மாறும். வடக்கு ஆஸ்திரேலியாவிலும் நடுப் பாலைவனத்திலும் பல பூர்வகுடி ஊர்களில் கலை மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஊராரே உடைமையாளர்கள். டார்வினிலிருந்தோ மெல்பனிலிருந்தோ ஓர் அச்சுக் கலைஞர் தகடு, மை, காகிதம், சில நேரம் ஒரு சிறிய பிரஸ் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நார்தர்ன் எடிஷன்ஸ் பட்டறையும், அதை நடத்திவிட்டுப் பின்னர் தனியாகப் பட்டறை வைத்த பேசில் ஹாலும் இந்த வேலையில் பெரிய பெயர்கள். ஊரில் சில நாள் தங்கி மூத்த கலைஞர்களோடு உட்கார்ந்து தகடுகளைத் தயார் செய்வார்கள். தகடுகள் பெரும்பாலும் நகரத்துக்குத் திரும்பிப் போகும். அமிலம், மாதிரித் தாள், நிறச் சோதனை எல்லாம் அங்கே. மாதிரிகள் மறுபடி ஊருக்கு வரும். ‘இந்தச் சிவப்பு வேண்டாம், அந்தச் சிவப்பு’ என்று கலைஞர் சொல்வார். அவர் சரி என்ற தாளைப் பார்த்துத்தான் மொத்தப் பதிப்பும் அச்சாகும், பிறகு கையெழுத்துக்கு வரும்.

ஆக, ஒரு தாளில் குறைந்தது இரண்டு பேரின் கை இருக்கிறது. எது யாருடையது என்று கேட்டுக்கொண்டே பார்ப்பதுதான் அச்சோவியத்தை ரசிப்பதன் பாதி.

முதலில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். படத்துக்கு நேரே நிற்காமல் ஓர் ஓரமாக நின்று, வெளிச்சம் தாளில் சாய்ந்து விழும்படி பார்த்தால், எட்சிங்கில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய பள்ளம் தெரியும். மை, அமிலம் அரித்த குழிகளிலிருந்து எழுந்து தாளில் மெல்லப் புடைத்து நிற்கும். லினோவில் இது நேர்மாறு. செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகிவிடும், மிச்சம் விட்ட மேடுதான் மை வாங்கும். அதனால் அதன் நிறம் தட்டையாக, அழுத்தமாக இருக்கும். உளி போன தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். செதுக்குத் தொழிலில் பழகிய கைகள் இதை உடனே பிடித்துக்கொண்டன. டார்வினுக்கு வடக்கே பாத்தர்ஸ்ட் தீவில் பீட் டுங்குடலும், ஜியோவானி டிபுங்வுடி இருவரும் 1960களின் கடைசியில் மரக்கட்டை அச்சில் தொடங்கியதுதான் இன்றைய டிவி டிசைன்ஸ் கலை மையம். அந்தத் தீவின் டிவி (Tiwi) மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கெட்டி மரத்தில் கல்லறைத் தூண் செதுக்கியவர்கள்.

தூரிகை பழகிய பாலைவன ஓவியர்களுக்கு உளியும் ஊசியும் அந்நியம். அவர்களுக்காகப் பட்டறைகள் அதிகம் கையாண்ட உத்தி சர்க்கரை. கறுப்பு மை கலந்த கெட்டியான சர்க்கரைக் கரைசலைத் தூரிகையில் தொட்டு, உலோகத் தகட்டில் ஓவியர் தம் இயல்பில் வரைவார். காய்ந்ததும் அதன்மேல் வார்னிஷ் பூசி வெந்நீரில் போடுவார்கள். சர்க்கரை கரையும்போது தனக்கு மேலே இருந்த வார்னிஷையும் பெயர்த்துக்கொண்டு போகும். தூரிகை பட்ட இடம் மட்டும் வெற்று உலோகமாகும். அங்கே நுண்ணிய பிசின் தூளைப் படியவிட்டுச் சூடாக்கி அமிலத்தில் வைத்தால், அந்த வீச்சு அப்படியே அரிபடும். தாளில் அதைப் பார்க்கும்போது தூரிகை தொட்ட இடத்தில் கனமும், எடுத்த இடத்தில் பிசிறும் தெரிய வேண்டும். புள்ளிகள்கூட ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எல்லாப் புள்ளியும் ஒரே ஆழம், ஒரே வட்டம் என்றிருந்தால் எனக்கு அந்தப் படத்தில் சுவை குறைந்துவிடும். கான்வாஸ் ஓவியத்தைச் சுருக்கி விற்பனைக்கு ஏற்றாற்போல் செய்த தாள்களும் சந்தையில் உண்டு. அவற்றில் அச்சாளரின் நேர்த்தி இருக்கும், ஓவியரைத் தேட வேண்டியிருக்கும்.

நன்றாக அமைந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு ‘யூயெண்டுமு கதவுகள்’. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது யூயெண்டுமு, வார்ல்பிரி மக்களின் ஊர். 1983இல் அந்த ஊர்ப் பள்ளியின் 30 கதவுகளில் ஐந்து பெரியவர்கள் தம் ஜுகுர்பாவை வரைந்தார்கள். முன்னோர் நடந்து நிலத்தையும் நீரையும் நெறிகளையும் உண்டாக்கிய கதைகள் அவை. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தாலும் நாட்டை மறக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். கதவுகள் வெயிலையும் புழுதியையும் தாங்கின, பிள்ளைகளின் கிறுக்கல்களையும் தாங்கின. 1995இல் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் அவற்றை வாங்கி எடுத்துப் போயிற்று.

அந்த ஐவரில் இருவர், பேடி ஜபல்ஜாரி ஸ்டூவர்ட், பேடி ஜபல்ஜாரி சிம்ஸ், நார்தர்ன் எடிஷன்ஸில் பேசில் ஹாலோடு சேர்ந்து அதே கதைகளை 30 எட்சிங்குகளாகச் செய்தார்கள். 2001இல் அந்தத் தொகுதிக்குத் தேசியப் பூர்வகுடிக் கலை விருதுகளில் காகிதப் படைப்புக்கான பரிசு கிடைத்தது. கதவைப் படம் பிடித்து அச்சிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ இருபது வருடம் வயது கூடிய கைகள், ஆள் உயரக் கதவில் செய்ததைக் கைக்கு அடக்கமான தகட்டில் புதிதாகச் செய்தன. கதவின் புகைப்படமும் எட்சிங்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. கதவு தள்ளி நின்று பார்ப்பதற்கு, தூரத்திலிருந்தே கூப்பிடும். எட்சிங்குக்குக் குனிய வேண்டும். வட்டங்களையும் வளைவுகளையும் அகராதி வைத்துப் படிக்க முயலாதீர்கள். ஒரே குறி ஒரு கதையில் நீரூற்று, வேறொரு கதையில் கூடாரம். எது எது என்று சொல்லும் உரிமையும் அந்தக் கதைக்குரியவர்களுடையது.

இனி எதிர்த் திசையில் ஒரு பயிற்சி: படத்தில் என்ன இல்லை என்று பார்ப்பது. இதற்கு வடகிழக்கு ஆர்ன்ஹெம் லேண்டில், கடலோர ஊரான யிர்கலாவுக்குப் போக வேண்டும். அங்கே யோல்ங்கு மக்களின் புக்கு-லாரங்கே முல்கா மையத்தில் 1990களின் நடுவிலிருந்து நிரந்தர அச்சுக்கூடம் இயங்குகிறது. வெளியூர் அச்சாளர்கள் வந்து போவார்கள், ஆனால் அன்றாடம் மை உருட்டி பிரஸ் சுற்றுபவர்கள் ஊர்க்காரர்களே, பெரும்பாலும் பெண்கள்.

யோல்ங்கு மரப்பட்டை ஓவியங்களில் நெருக்கமான குறுக்குக் கோடுகளால் ஆன மிஞ்ஜி என்னும் குலச் சின்னங்கள் இருக்கும். அவை அலங்காரம் அல்ல, ஒரு குலம் தன் நிலத்தின்மேலும் கடலின்மேலும் கொண்ட உரிமைப் பத்திரம் போன்றவை. 1963இல் தங்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் வருவதை எதிர்த்து அவர்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பமே, எழுத்தைச் சுற்றி மரப்பட்டையில் இந்தச் சின்னங்களை வரைந்ததுதான். அச்சுக்கூடம் வந்தபோது பெரியவர்கள் எல்லை வகுத்தார்கள். நிலத்தை வரைய நிலத்தில் கிடைப்பதே வேண்டும்: மரப்பட்டையும் மண் நிறங்களும். பல பிரதியாக இயந்திரத்தில் ஓடும் தாளில் புனிதச் சின்னம் போகக் கூடாது.

அதனால் யிர்கலா அச்சோவியங்களில் வேறொரு உலகம் திறந்தது. மீன்பிடிப்பு, கிழங்கு தோண்டுதல், கிளிஞ்சல்கள், ஆமைகள், குடும்பம். மரப்பட்டையில் பார்க்க முடியாத ஊதாவும் இளஞ்சிவப்பும் நீலமும் தாராளமாக வரும். மண் நிறம்தான் ‘அசல்’ என்று தேடி வருபவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. எனக்கு நேர்மாறு. அந்த ஊதா ஒரு விதியை மதித்ததன் நிறம், கூடவே விதிக்கு வெளியே கிடைத்த விளையாட்டின் நிறமும்.

பிரதி என்றால் அவர்கள் ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. யிர்கலாவின் முன்னோடி லினோ கலைஞர் 2021இல் காலமானார். இறந்தவர் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது அங்கே மரபு என்பதால் இப்போது அவரை பி. மாரிக்கா என்றே எழுதுகிறார்கள். 1988இல் அவர் செய்த ‘ஜண்டாவும் புனித நீர்நிலையும்’ என்ற லினோ அச்சு தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தம் குலத்துப் படைப்புக் கதையைச் சேர்ந்த உடும்பும் நீர்நிலையும் அதில் உண்டு. யாரையும் கேட்காமல் அந்தப் படத்தை வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றது ஒரு நிறுவனம். புனிதமானதை மிதித்து நடக்கும் பொருளாக்கிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, படம் தவறான கைக்குப் போனால் குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கலைஞர்தான். அவரும், இதேபோல் படம் எடுத்தாளப்பட்ட மற்றக் கலைஞர்களும் போட்ட வழக்கில் 1994இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு. பண நஷ்டத்தோடு பண்பாட்டு நோவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது.

யிர்கலாவில் எனக்கு மிகப் பிடித்தவை நூல் அச்சுகள். விரல்களில் நூலைக் கோத்து உருவங்கள் செய்யும் விளையாட்டு யோல்ங்கு மக்களிடம் செழித்திருந்தது. 1948இல் ஆர்ன்ஹெம் லேண்டுக்கு வந்த ஆய்வுக் குழுவில் இருந்த ஃபிரெடெரிக் மெக்கார்த்தி, யிர்கலாவில் கிட்டத்தட்ட 200 உருவங்களை அட்டையில் பொருத்திச் சேகரித்துச் சிட்னிக்குக் கொண்டுபோனார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சேகரிப்பின் படங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது, பெண்கள் அந்த உருவங்களை மறுபடி கட்டி அச்சாக்கினார்கள். தகட்டில் இளக்கமான மெழுகைப் பூசி அதன்மேல் நூல் உருவத்தை வைத்து அழுத்தினால், நூல் பட்ட இடத்து மெழுகு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அமிலம் அங்கே அரிக்கும். நூலின் முறுக்கு, முடிச்சு, இழை எல்லாம் தாளில் விழுகிறது. யாரும் எதையும் வரையவில்லை. உருவம் தானே வந்து பதிந்துகொண்டது.

டோரஸ் நீரிணைத் தீவுகளின் லினோக்களையும் கடைகளில் இதே அடுக்கில் வைப்பார்கள். அந்தத் தீவு மக்கள் வேறு மக்கள், மரபு வேறு. படு தீவின் அலிக் டிபோட்டியின் பல மீட்டர் நீள லினோக்களில், ஆமை ஓட்டிலும் மரத்திலும் செதுக்கிய முன்னோரின் நுண் கோட்டுப் பின்னல் இடைவெளியே இல்லாமல் நிறைந்திருக்கும். அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

தாளின் அடி ஓரத்தில் பென்சில் எழுத்தைப் படிக்காமல் போகாதீர்கள். 12/60 என்றால் அறுபது தாள் பதிப்பில் பன்னிரண்டாவது. எண் சிறியது என்பதால் தரம் கூடிவிடாது. ஏ/பி என்றால் கலைஞருக்கென ஒதுக்கிய தாள். மை இல்லாமல் அழுத்திய சிறு முத்திரை ஒன்று ஓரத்தில் இருந்தால் அது பட்டறையின் அடையாளம், அச்சாளர் தம் பங்கை ஒப்புக்கொள்ளும் இடம். கூடவே வரும் கதைத் தாளையும் படியுங்கள், படத்தைப் பார்த்த பிறகு. அதில் கதை பாதியில் நிற்பதுபோல் தோன்றலாம். வெளியாருக்குச் சொல்லத் தகுந்தது அவ்வளவுதான் என்று பொருள்.

கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்திலும் டார்வின் அருங்காட்சியகத்திலும் நல்ல சேகரிப்புகள் உண்டு. ஆண்டுதோறும் குல்குலாவில் நடக்கும் கார்மா விழாவில் யிர்கலா அச்சுகளை வெள்ளைக் களிமண் பூசிய மரங்களுக்கு நடுவே திறந்த வெளியில் மாட்டுகிறார்கள். வாங்குவதாக இருந்தால் ஊர்க் கலை மையத்திடமே வாங்குவது நல்லது. காகிதத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு அஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். வேறு கடையென்றால் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் கலை நெறிமுறையில் கையெழுத்திட்ட கடையா என்று கேளுங்கள். தகட்டிலிருந்து அச்சிட்டதா, கணினியில் எடுத்த வண்ணப் பிரதியா என்றும் கேளுங்கள். இரண்டாவதுக்கும் ‘லிமிடெட் எடிஷன்’ என்று எண் போட்டு விற்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதில் சின்னஞ்சிறு நிறப் பொட்டுகள்தான் தெரியும், உளியோ தூரிகையோ நூலோ போன தடம் எங்கும் இருக்காது.