ஸ்டிக்கர் சொல்லும் பெயர்

பழைய டிராக் சைக்கிள் சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி?" என்றுதான். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து உடனே பதிலும் வந்துவிடும். இந்தப் பழக்கத்தின் மேல்தான் எனக்கு விமர்சனம்.

1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்த வண்டியில் இருந்த பெயர் வின்ட்சர், ஒரு மெக்சிகோ கம்பெனி. வண்டியைக் கட்டியதோ இத்தாலியின் எர்னஸ்டோ கோல்நாகோ. உலகமே பார்த்த வண்டிக்கே இந்தக் கதைன்னா, ஏதோ கொட்டகையில் கிடைச்ச வண்டியின் ஸ்டிக்கரை எப்படி நம்புறது? அதுவும் பழைய ஸ்டிக்கர்களை இன்னைக்கும் புதுசா அச்சடிச்சு விக்கிறாங்க.

அப்போ எதைப் பார்க்கணும்? இரும்பைத்தான். டிராக் ஃபிரேமில் பின்சக்கர அச்சு உட்காரும் காடி பின்பக்கமாகத் திறந்திருக்கும். சரிவான பாதையில் பெடல் தட்டாமலிருக்க பாட்டம் பிராக்கெட் கொஞ்சம் உயரமாக இருக்கும். பின் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். ரோடு ஃபிரேமின் காடியை அறுத்துவிட்டு டிராக் காடி வைத்திருந்தால், கியர் கேபிள் பிடிப்புகளை ராவிய தழும்பு எங்காவது தெரியும். பாட்டம் பிராக்கெட் மரையையும் பாருங்க. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கிலேய மரையில் செயின் பக்கம் இடது மரை. இத்தாலியப் பெயருக்குக் கீழே ஆங்கிலேய மரை இருந்தால் கேள்வி எழணும். ஆனால் அதுவே தீர்ப்பு ஆகிடாது.

ஃபோர்க்கில் பிரேக் ஓட்டை இருந்தாலே போலி என்பவர்களும் உண்டு. இதுவும் அவசரம்தான். பிரிட்டனில் பலர் அதே வண்டியில் மைதானம் வரை ஓட்டிப்போய், அங்கே பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பந்தயம் ஓடினார்கள். அதற்கென்றே ஓட்டையோடு கட்டிய ஃபிரேம்கள் உண்டு.

ஜப்பானிய கெய்ரின் ஃபிரேம்களில் உள்ள என்ஜேஎஸ் முத்திரை உலோகத்திலேயே குத்தியது; ஸ்டிக்கரைவிட நல்ல சாட்சி. ஆனால் அது சொல்வது, பந்தயத்துக்கு அனுமதி பெற்ற தயாரிப்பு என்பதை மட்டும்தான். அந்த வண்டி பந்தயம் ஓடியதா, யார் ஓட்டினார் என்பதற்கு முத்திரை பொறுப்பல்ல.

யார் கட்டியது, எதற்காகக் கட்டியது, யார் ஓட்டியது: இது மூன்றும் தனித்தனிக் கேள்விகள். 'ஒரிஜினல்' என்ற ஒற்றைச் சொல் மூன்றையும் ஒரே விலையில் விற்றுவிடுகிறது.

இதில் பெரிய நஷ்டம் வாங்குபவரின் பணம்கூட இல்லை. பெயரை மட்டும் நம்புபவர், பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, தழும்பை அடைத்து, பளபளன்னு புது ஸ்டிக்கர் ஒட்டுகிறார். நிஜமான வண்டியாகவே இருந்தாலும் அதை நிரூபிக்க வேண்டிய தடயம் அத்தோடு போச்சு. பெயிண்ட் அடிக்கும் முன் வெற்று இரும்பை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்க. அடுத்து வாங்குபவருக்கு ஸ்டிக்கரைவிட அதுதான் உதவும்.