விரிசல் விழுந்த டேஷ்போர்டு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அண்டையிலுள்ள மேனாம்பேட்டின் வெயிலில் வருஷக்கணக்காக நின்ற கான்டஸா காரின் டேஷ்போர்டு வெடிப்பது, பி.வி.சி. மேலுறையை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து உஷ்ணத்தில் மெல்ல ஆவியாகி, உறை இறுகிச் சுருங்குவதால் நேரும் விபரீதம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை உற்பத்தி செய்த இவ்வாகனத்துக்குப் புதிய பாகம் துர்லபமாகையால், கைதேர்ந்த தொழிலாளியே கதி. அவர் விரிசலின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, நுரை உதிர்ந்த பள்ளத்தை வளைந்து கொடுக்கும் பட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனிக்கு மேடுபள்ளம் தட்டாத பிறகே பசை தடவி, சூட்டில் இளக்கிய ரெக்ஸினை மூலைகளில் சுருக்கமின்றி இழுத்து ஒட்டும் நிதானம் பரம ரசனைக்குரியது. விரிசலை மறைக்கப் போர்த்தும் வெல்வெட் விரிப்போ, நண்பர்கள் க்ஷமிக்க, வெறும் பாசாங்கு. பழைய கார் வைத்திருப்போர் முன்கண்ணாடிக்குள் ஒரு வெயில் மறைப்பையேனும் வைப்பார்களாக.