தாளில் ஊசி

துணியிற் பூவேலை செய்வது நமக்குப் புதிதன்று. தாளிற் பூவேலை செய்வது புதிது. கண்டியிற் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹேமா ஷிரோனி நூலையும் ஊசியையும் கொண்டு வீடு, இடப்பெயர்வு, பண்பாட்டு அடையாளம் ஆகியவற்றை ஆராய்ந்து வருகின்றார். அட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் பயன்படுத்திக் கழித்த தேயிலைப் பைகளையும் தம் ஊடகமாக்கியவர். இத்தகைய ஆக்கங்களை வெறும் கைவினை என ஒதுக்குவாருமுளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதே நம் வினா.

முதலில் ஊடகத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். துணியில் ஊசி நுழைகையில் இழைகள் விலகி வழிவிடும். தையலைப் பிரித்தால் அவை பெரும்பாலும் மீண்டும் கூடிவிடும். தாளோ அத்தகையதன்று. ஒருமுறை விழுந்த துளை நிலைத்துவிடும். நெருங்கத் துளைத்தால் தாளே கிழியும்.

இனி, மலையகத்தில் தாள் என்பது யாது? ‘துண்டு’ என்பது தோளிற் கிடக்கும் துணி. தோட்டம் மாறும் தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டும் அப்பெயரே பெற்றது. அச்சீட்டு முறை 1921இல் ஒழிந்தது. தாளின் ஆட்சி ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. லயங்களில் வாழ்ந்தோர் பலரிடம் அது இருக்கவில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியோரின் நிலை தீர 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றுப் பின்னணியிலேயே தாளில் விழும் ஊசித்துளை பொருள் பெறுகின்றது. தாளினால் அடையாளம் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் கதையைச் சொல்ல, காயத்தை மறைக்காத தாளைவிடத் தகுந்த ஊடகம் அரிது. கழுவியும் போகாத தேயிலைக் கறைக்கும் இது பொருந்தும். ஆகவே கைவினை என்ற ஒதுக்கல் பொருந்தாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நூலின் வண்ணம் துளையை மறைக்குமாயின் அது மீண்டும் வெறும் அலங்காரமே. தாளின் பின்புறத்து முடிச்சுகளும் அறுந்த நுனிகளும் விமர்சகனின் கண்ணிற் படவேண்டும். மேலும், கொழும்பின் கலைக்கூடங்களோடு இவ்வகை ஆக்கங்கள் நின்றுவிடலாகாது. அட்டனிலும் நுவரெலியாவிலும் அவை காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும். பெயர்ப் பதிவுக்காகக் கந்தோர் வாசலிற் காத்துநின்றவர்கள் அவற்றின் முன் நின்று சொல்லும் சொல்லும் விமர்சனமே. நம் விமர்சனத்தை உரைத்துப் பார்க்கும் கல்லும் அதுவே.