அணுப் பேரழிவும் கடற்றொழிலாளரும்

அணுப் பேரழிவைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களையும் நாவல்களையும் ஆராய்வோர், அவற்றில் அழிவோர் யாவர் என்ற வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நகரம் எரிகிறது, உலகம் முடிகிறது, வர்க்கம் மட்டும் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

இஷிரோ ஹொண்டா 1954ஆம் ஆண்டில் நெறிப்படுத்திய ‘கொட்சில்லா’வை இன்று பலர் வெறும் பூதப் படமாகவே கண்டு களிக்கின்றனர். அது பிறந்த கதை வேறு. அவ்வாண்டு மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா 15 மெகாதொன் ஆற்றலுள்ள ஐதரசன் குண்டை வெடித்தது. அபாய எல்லையென அறிவிக்கப்பட்டதற்கு அப்பால் சூரை பிடித்துக்கொண்டிருந்த யப்பானியப் படகொன்றின் மீது பவளப் பாறையின் சாம்பல் மணிக்கணக்காய்ப் பெய்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலித் தொடர்பாளர் குபோயாமா செப்டம்பரில் மாண்டார். தொன் கணக்கான மீன் அழிக்கப்பட்டது. எட்டு மாதங்களின் பின் வெளிவந்த படம் கடலிலேதான் தொடங்குகிறது: கப்பற்றளத்தில் இளைப்பாறும் மாலுமிகள், திடீரென ஓர் ஒளிப்பிழம்பு, பின்னர் கரையில் செய்திக்காக அலமரும் குடும்பங்கள். பூதம் முகங்காட்டுவது அதற்குப் பின்னரே.

1956இல் இப்படம் அமெரிக்கத் திரைக்குச் சென்றபோது அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவன் நடுவே நுழைக்கப்பட்டான். நஞ்சேறிய சூரையையும் நாகசாக்கியையும் பற்றிப் புகைவண்டிப் பயணிகள் பேசும் காட்சி வெட்டுண்டது. கத்தரிக்கோலுக்கும் அரசியல் தெரியும் போலும்! பூதம் மிஞ்சிற்று, குண்டு வெடித்தவன் மறைந்துகொண்டான்.

நம் தமிழ்ப் படவுலகம் என்ன செய்தது? 2013இல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ கதிர்வீச்சுக் குண்டைக் கையாண்டது. அபாயம் நியூயோர்க் நகருக்கு. அதை மீட்பவன் உளவுத்துறை நாயகன். படத்தின் தொழில்நுட்பத் திறனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதே ஆண்டிலேதான் கூடங்குளம் அணு உலை இயங்கத் தொடங்கியது. அதனை எதிர்த்து இடிந்தகரை மீனவப் பெண்கள் மாதக்கணக்கில் பந்தலில் அமர்ந்திருந்தனர். அக்கரையில் அவர்கள், இக்கரையில் கற்பிட்டியும் உடப்பும். இடையே மன்னார் வளைகுடா. நியூயோர்க்கைத் தேடிச் சென்ற கமெரா இவ்வளைகுடாவின் பக்கம் திரும்பவில்லை.

எழுத்தாளரையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. 2021இல் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்தபோது பிளாஸ்ரிக் மணிகள் புத்தளக் கரைவரை ஒதுங்கின. அஃது அணு நஞ்சன்று. எனினும் மக்கள் மீன் வாங்க அஞ்சினர். கரைவலை இழுப்பவன் தான் பிடித்த மீனைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் அக்கணத்தை எழுதிய சிறுகதை எதனையும் நாம் இன்னும் படிக்கவில்லை.