கண்ணகியின் மறுமொழி

காப்பிய மாந்தரின் இயல்பை அறியப் புலவர் தரும் வருணனை ஒரு வழி; அவர்கள் செய்யும் செயல் மற்றொரு வழி. ஆனால் இருவரிடையே உள்ள உறவின் உண்மை நிலையை அறிவதற்கு, அவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசும் பேச்சே தலைசிறந்த கருவி. யார் மிகுதியாகப் பேசுகிறார், யார் வாய் திறவாதிருக்கிறார், ஒரு சொல்லுக்குரிய விடை எப்போது வருகிறது என்று நிரல்படுத்திப் பார்த்தால் உறவின் வளர்ச்சி விளங்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் உரையாடும் பகுதிகள் இதற்குத் தக்க சான்றாம்.

மேடைகளிலும் வகுப்பறைகளிலும் கண்ணகிக்கு இரு வேறு படங்கள் தீட்டப்படுகின்றன. ஒன்று, புகாரில் வாய்பேசாது பொறுத்திருந்த பேதை. மற்றொன்று, மதுரையில் சீறி எழுந்த வீரபத்தினி. முன்னவள் பின்னவளானது எங்ஙனம்? பெருந்துயர் அவளை மாற்றியது என்று கூறி அமைவர் பலர். அது அரை விடையே. முழு விடை அவ்விருவர் உரையாடலில் இருக்கிறது.

முதலில் மனையறம்படுத்த காதை. புதுமணம் புரிந்த கோவலன் கண்ணகியை நெடிது புகழ்கிறான். பொன், முத்து, நறுமணம், கரும்பு, தேன் என்று அவன் அடுக்குவன யாவும் கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் இன்பம் தருவன. கண்ணகி அங்கு ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வைத்தானில்லை என்பதே பொருந்தும். புகழ்ச்சி மிகுதி, உரையாடல் இல்லை. அடுத்த காதையிலேயே அவன் மாதவிபால் செல்வது வியப்பன்று. சுவைக்கப்படும் பொருளாகவே மனைவியைக் கண்டவனுக்கு வேறொரு சுவை தோன்றியது.

இரண்டாவது கனாத்திறம் உரைத்த காதை. காமவேளைத் தொழுதால் கணவனைப் பெறலாம் என்று தேவந்தி அறிவுரை கூற, அது பெருமையன்று என ஒரே சொல்லில் மறுக்கிறாள் கண்ணகி. இவளையா பேதை என்பது? அந்நேரம் கோவலன் வருகிறான். குலத்தார் தேடிய மலையளவு செல்வத்தைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருவதாகக் கூறுகிறான். கண்ணகி முறுவலித்து, சிலம்புகள் உள்ளன, பெற்றுக்கொள்ளுங்கள் என்னும் பொருளில் மூன்றே சொல் பேசுகிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகிறான் என்று கருதியே அவள் இவ்வாறு கூறினாள் என்பர். அவன் நாணத்தைப் பற்றிப் பேசுகிறான். அவள் பொருளைப் பற்றி விடையளிக்கிறாள். பல நாள் பிரிவு இருவரிடையே தோற்றுவித்த இடைவெளி இம்மூன்று சொல்லில் அளக்கப்பட்டுவிட்டது. கோவலன் தன் கருத்தைக் கூறி, அச்சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்ய எண்ணி, "எழு" என்கிறான். அவள் எழுகிறாள், காரணம் கேட்கவில்லை.

வழியில் நடை தளர்ந்த கண்ணகி மதுரை எங்குள்ளது என்று வினவ, அருகில்தான் என்று நகைமுகம் காட்டி விடையிறுக்கிறான் கோவலன். ஒருவர் துன்பத்தை ஒருவர் தாங்கும் பழக்கம் இங்குத் தொடங்குகிறது.

உறவு முழுமை பெறுவது கொலைக்களக் காதையில். மாதரியின் மனையில் கண்ணகி தன் கையால் சமைத்து உணவு படைக்கிறாள். உண்டு முடித்த கோவலன் தன் குற்றங்களைத் தானே எடுத்துரைக்கிறான். பயனற்றவரோடு திரிந்ததையும், பெற்றோர்க்குப் பிழைத்ததையும், மனைவிக்குச் செய்த சிறுமையையும் மறைத்தானில்லை. எழு என்றேன், எழுந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்று வருந்துகிறான். புகாரில் அவள் கேளாத வினாவை இங்கு அவனே கேட்கிறான்.

கண்ணகி தருவது நெடிய விடை. அறவோர்க்கும் துறவோர்க்கும் விருந்தினர்க்கும் செய்ய வேண்டிய இல்லறக் கடமைகளைத் தான் இழந்ததை முதலில் சொல்கிறாள். பின்னர், மாமனும் மாமியும் வந்தபோது துயரத்தை மறைக்கத் தான் காட்டிய பொய் முறுவல் அவர்கள் உள்ளத்தையே வருத்தியது என்கிறாள். சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொன்ன அன்றும் அவள் முறுவலித்தாளன்றோ? முறுவலின் விலை இப்போதுதான் கோவலனுக்குத் தெரிகிறது. அடுத்து, சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்கிறாள். பன்மை விகுதியால் மதிப்புத் தருகிறாள். குற்றத்தையோ குற்றமென்றே கூறுகிறாள். இறுதியில், மாறாத உள்ளம் உடையவளாதலால் நும் சொல்லை ஏற்று எழுந்தேன் என்று முடிக்கிறாள்.

இது வெறும் கீழ்ப்படிதல் அன்றோ என வினவுவார் உளர். அன்று, ஏற்றல் என்பது ஏவப்பட்டவளின் செயலன்று, தெளிந்து துணிந்தவளின் செயல். குற்றத்தை அறிந்து, அதை முகத்துக்கு நேரே சொல்லி, அதன் பின்னும் உடன் நிற்பதாகக் கூறுபவளை அடிமை எனல் தகாது.

கோவலன் சினந்தானல்லன். மீண்டும் புகழ்கிறான். பொன் என்றும் கொடி என்றும் பழைய சொற்கள் சில வருகின்றன; ஆனால் நாணம், உலகுக்கு விளக்கு, கற்பு என்று புகழ்ச்சி உயர்கிறது. கரும்பும் தேனும் மறைந்துவிட்டன. மனைவியின் பேச்சைக் கேட்ட பின்னரே கணவனுக்கு அவளைப் புகழத் தெரிந்தது. ஒரு சிலம்போடு அவன் புறப்படுகிறான், திரும்பவில்லை.

கடைசி உரையாடல் ஊர்சூழ்வரியில் உள்ளது. வெட்டுண்ட கணவனைக் கண்ணகி தழுவ, அவன் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்து, இங்கு இரு என்று கூறி விண்ணேறுகிறான். முன்பு எழு என்றவன் இப்போது இரு என்கிறான். கண்ணகி இருந்தாளா? சினம் தணிந்தாலன்றிக் கணவனைச் சேரேன், அரசனைக் கண்டு கேட்பேன் என்று கூறி எழுகிறாள். இம்முறை அவளை எழுக என்றவர் எவருமிலர்.

ஆகவே, பாண்டியன் அவையில் முழங்கிய குரல் திடீரெனப் பிறந்ததன்று. குற்றம் செய்தவரை நேர்நின்று கூறும் திறத்தை அவள் முதலில் தன் கணவனிடமே காட்டினாள். அவன் அதைக் கேட்டுத் தலைவணங்கினான். பாண்டியனும் உண்மை அறிந்தபின் உயிர்விட்டான். கண்ணகியைப் பொறுமையின் வடிவம் என்று மட்டும் மாணவர்க்குக் கற்பிப்பது, இளங்கோவடிகள் படைத்த பெண்ணுக்குப் பாதி உயிரே தருவதாகும். மாதரி மனையில் அவள் கூறிய மறுமொழியையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை.