கடைசிப் பக்கத்துத் தேதித்தாள்

நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் ஒட்டியிருக்குமே, கட்டம் போட்ட ஒரு தாள். ஊதா மையில் வரிசையாகத் தேதி முத்திரைகள். சில கோணலாக, சில பாதி அழிந்து. வாசகருக்கு அது திருப்பித் தரவேண்டிய நாள். நூலகருக்கோ அதுதான் கணக்கேடு.

முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் இன்னொரு பிரதி வாங்கலாம். வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லையா? கண்ணில் படுகிற இடத்துக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால் வேறு கிளைக்கு அனுப்பவேண்டும். சென்னை எம்.கே.பி. நகர் மாதிரி வீடுகள் நெருங்கிய பகுதியில் அலமாரியின் ஒவ்வொரு அடியும் காசு. போட்டித் தேர்வு நூலுக்கும் நாவலுக்கும் இடம் பிரிப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

அந்தக் காசும் மக்களுடையதுதான். 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது.

அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று சலித்துக்கொண்டவரும் அவர்தான்! 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொன்னார். தேதித்தாளைப் பார்த்து அலமாரியை ஒழுங்குபடுத்துவதும் அதற்கு உதவும்.

பார்கோடு வந்த இடங்களில் தேதித்தாள் மறைந்துவருகிறது. கணினி இன்னும் துல்லியமாகவே கணக்குச் சொல்லும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கு மேசைக்கு அந்தப் பக்கம். தாள் இருந்தால், தனக்கு முன்னால் எத்தனை பேர் எடுத்துப்போனார்கள் என்று வாசகரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.